ஸைகோன் மாடியில் ஒரு ஹெலிகாப்டர்

ஸைகோன் நகரத்துக்கு 1976-ஆம் வருஷத்தில் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆயினும் அவ்வூர்வாசிகள் பேச்சு வழக்கில் ஸைகோன் என்று சொல்வதையே நான் அதிகமாகக் கேட்டேன். ஆகையால் இந்தக் கட்டுரையிலும் அந்தப் பழைய பெயரையே வைத்துக்கொள்வோம். அங்கே போகிறவர்கள் பலவிதக் காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். சிலர் வியாபாரத்துக்காக, சிலர் மேகாங் நதியின் கிளைகளில் படகேறிச் செல்வதற்காக. காப்பி குடிப்பதற்காகவே போகிறேன் என்று ஒருவர் சொன்னாலும் நான் வியப்படைய மாட்டேன். அவ்வளவு நல்ல காப்பி. நான் போனதோ ஒரு ஹெலிகாப்டர் வாங்கி வருவதற்கு.

இதைக் கேட்டு நேயர்கள் என் செல்வ நிலையைப் பற்றித் தப்பபிப்பிராயம் கொள்ள வேண்டாம். நான் வாங்கப் போன ஹெலிகாப்டர் ஒரு முழ நீளங்கூட இராது. பிளாஸ்டிக்கினால் ஆனது. நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பெட்டியில் அடைத்திருப்பார்கள். நாமே துண்டுகளை வெட்டி எடுத்து, சுரண்டி, ஒட்டி, வர்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும். இதைப் பொம்மை என்று சொன்னால் என் தங்கை மகன் சண்டைக்கு வந்துவிடுவான். "பொம்மை சுமாராக இருந்தால் போதும், மாமா. மாதிரி என்றால் அசலுக்குச் சாட்சி சொல்ல வேண்டும்" என்பது அவனுடைய சித்தாந்தம்.

வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கர்கள் உபயோகித்த 'ஹ்யூயி' என்னும் ஹெலிகாப்டரின் மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டுமென்பது அவனுடைய ஆசை. அதுவும் யுத்தம் முடிந்த தறுவாயில், ஸைகோனில் ஒரு மாடியின் உச்சியில் அது நிற்க, ஏணியின் வழியாக ஜனங்கள் முண்டியடித்து ஏறுகிறார்களே, உலகப் பிரசித்தி பெற்ற அந்தப் புகைப்படத்தில் உள்ளபடியே செய்ய வேண்டுமாம். "பெட்டி தபாலில்கூட வரும். ஆனால் நீங்கள் போகிற ஊரில் அசல் நிற்கிறது. முதலில் அசலைப் பாருங்கள், பிறகு பெட்டியைப் பாருங்கள்" என்று எழுதி, கூடவே மூன்று பக்கத்துக்கு நிபந்தனைகளும் அனுப்பியிருந்தான்.

அந்த நிபந்தனைகளைப் படித்த பிறகுதான், ஒரு யந்திரத்தைச் 'சரியாக' நகல் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கியது. முதலாவது, அளவு. 1/72, 1/48, 1/35 என்று மாதிரிகளுக்குப் பல அளவுகள் உண்டு. நீண்ட உடல் கொண்ட ஹ்யூயியின் மேல்விசிறி 48 அடி குறுக்களவு உள்ளது. 1/48 மாதிரியில் அது சரியாக ஓர் அடி. 1/72-இல் எட்டு அங்குலம். 1/35-இல் சுமார் பதினாறரை அங்குலம். 1/48 என்றால் அசலில் ஓர் அடி மாதிரியில் கால் அங்குலம் என்று ஆகிறது. மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஆகவே அந்த அளவுதான் வேண்டுமென்று எழுதியிருந்தான்.

இரண்டாவது, வகை. இங்கேதான் சங்கடம். ஹ்யூயி என்பது ஒரே யந்திரம் அல்ல. ஒரு பெரிய குடும்பம். அதன் முன்னோடி 1956-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதன்முதலாகப் பறந்தது. பெல் கம்பெனியார் செய்தார்கள். அந்த நாளில் அதன் குறியீடு 'ஹெச்.யு.1', அதை விளையாட்டாகச் சேர்த்துப் படித்ததில் 'ஹ்யூயி' பிறந்தது. 1962-இல் குறியீட்டை 'யு.ஹெச்.1' என்று புரட்டிப் போட்டார்கள். செல்லப் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. சர்க்கார் ஏடுகளில் அதற்கு 'இரோக்வாய்' என்று பெயர். அது அமெரிக்காவின் ஆதிக்குடிகளில் ஒரு கூட்டத்தாரின் பெயர். 'ஷானி', 'சினூக்' என்ற மற்ற ஹெலிகாப்டர்களின் பெயர்களும் அப்படியே. ஒரு ஜனத்தின் பூமியைப் பறித்துக்கொண்டு, அந்த ஜனத்தின் பெயரை யந்திரத்துக்குச் சூட்டி, இன்னொரு ஜனத்தின் பூமிக்கு அனுப்புவது விசித்திரமான மரியாதைதான்.

'பி' வகைக்கு உடல் குட்டை. பக்கக் கதவில் ஒரே ஜன்னல். 'டி' வகையில் உடலை 41 அங்குலம் நீட்டினார்கள். கதவில் இரண்டு ஜன்னல்கள் வந்தன. 'ஹெச்' வகை பார்வைக்கு 'டி'யைப் போலவே இருக்கும். ஆனால் எஞ்சினின் பலம் அதிகம். காற்றின் வேகத்தை அளக்கும் சிறு குழல் 'டி'க்கு மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். 'ஹெச்'சுக்குக் கூரையின்மேல் ஏறிவிட்டது. 'பி', 'டி', 'ஹெச்' மூன்றுக்கும் விசிறியின் உச்சியில், இறக்கைகளுக்குக் குறுக்காக, இரு முனையிலும் குண்டு வைத்த ஒரு கம்பி உண்டு. 'சி' வகைக்கு அந்தக் கம்பி கிடையாது. 1967-இல் வியட்நாமுக்கு வந்த 'கோப்ரா' என்ற ஒல்லியான தாக்குதல் ஹெலிகாப்டரிலோ இன்னும் நுட்பமான பேதம். அதன் வால் விசிறி ஆரம்பத்தில் இடப்புறம் இருந்தது. பிற்பாடு வலப்புறத்துக்கு மாற்றினார்கள். பெட்டியின்மேல் 1967 என்று போட்டுவிட்டு, உள்ளே வலப்புற விசிறியை வைத்தால், விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களாம்.

41 அங்குலம் என்பது 1/48 அளவில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். அந்த முக்கால் அங்குலத்துக்காகத்தான் என்னைக் கடல் கடந்து அளக்கச் சொன்னான் மருமகப் பிள்ளை.

* * *

ஸைகோனில் ஹெலிகாப்டர்களைக் காண யுத்தச் சின்னங்கள் காட்சிசாலைக்குத்தான் முதலில் போக வேண்டும். வோ வான் டான் வீதியில் இருக்கிறது. யுத்தம் முடிந்த நாலைந்து மாதத்தில், 1975 செப்டம்பர் 4-ஆம் தேதி, அதைத் திறந்தார்கள். அப்போது அதன் பெயரிலேயே அமெரிக்கர்களின் குற்றங்கள் என்ற வாசகம் இருந்தது. பகைமை தணியத் தணியப் பெயரும் தணிந்து, 1995-இல் இப்போதைய பெயர் ஏற்பட்டது. முன் முற்றத்தில் டாங்கிகள், பீரங்கிகள், ஆகாய விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரு ஹ்யூயி. அப்பால் இரட்டை விசிறி கொண்ட பிரம்மாண்டமான சினூக்.

ஹ்யூயியைக் கிட்டத்தில் பார்த்ததும் எனக்கு உண்டான முதல் எண்ணம், 'இவ்வளவுதானா?' என்பதுதான். தரையிலே இரண்டு சறுக்குக் கட்டைகள். அவற்றின்மேல் தவளை முகத்தோடு ஒரு கூடு. பின்னால் நீண்ட வால். விமானிகளின் காலடியில்கூடக் கண்ணாடி. பிளாஸ்டிக் மாதிரிகளில் பலர் தவறவிடுகிற ஒரு விஷயத்தை அங்கே கண்டேன். ஓய்ந்து நிற்கும்போது விசிறியின் இரண்டு இறக்கைகளும் தென்னங்கீற்றைப் போலத் தங்கள் பாரத்தினாலேயே சற்றே தழைந்துவிடுகின்றன. பெட்டியில் வருகிற இறக்கைகளோ அளவுகோல்போல நேராக இருக்கும். வெந்நீரில் காட்டி வளைத்துக்கொள்ள வேண்டுமென்று மருமகன் பிறகு சொன்னான்.

ஆனால், அசலாயிற்றே என்று அதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காக நிற்கிற யந்திரத்துக்கு மேலும் மேலும் வர்ணம் பூசியிருக்கிறார்கள். யுத்தகாலப் படங்களில் காணும் சாயம் மங்கிய, செம்மண் புழுதி படிந்த பச்சைக்கும் இந்தப் பளபளப்புக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு விஷயம்: அமெரிக்கப் படைகள் 1973 மார்ச் மாதத்திலேயே நாட்டை விட்டுப் போய்விட்டன. 1975-இல் வெற்றி பெற்றவர்களின் கையில் அகப்பட்டவை பெரும்பாலும் தென் வியட்நாம் சர்க்காரின் சைனியத்துக்குச் சொந்தமானவை. ஆகையால், காட்சிசாலைகளில் நிற்கும் யந்திரத்தின்மேல் இன்று என்ன எழுத்து இருந்தாலும், அதையே ஆதாரமாகக் கொள்ளாமல் பழைய படங்களோடு ஒத்துப் பார்ப்பதுதான் உத்தமம். அப்படி அகப்பட்ட ஹ்யூயிகளில் சிலவற்றைப் புதிய வியட்நாம் சைனியத்தார், சிவப்பில் மஞ்சள் நட்சத்திரம் தீட்டி, கம்போடியாவில் கெமர் ரூஜ் கூட்டத்தாரோடு நடந்த யுத்தத்திலே பறக்கவிட்டதும் உண்டு. மஞ்சள் நட்சத்திரம் தரித்த ஹ்யூயியைக் கண்டு, 'இது கற்பனை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முற்றத்தை விட்டு உள்ளே போனால், ஓர் அறையில், அந்த யுத்தத்தில் உயிர் துறந்த புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களை வைத்திருக்கிறார்கள். இரு தரப்பாரும் அங்கே அடுத்தடுத்து இருக்கிறார்கள். லாரி பர்ரோஸ் என்ற ஆங்கிலேயர் 1965-இல் டா நாங் நகரிலிருந்து புறப்பட்ட ஒரு ஹெலிகாப்டரில் ஏறிச் சென்று, 'லைஃப்' பத்திரிகைக்காக ஒரு படத்தொடர் எடுத்தார். அந்த ஹெலிகாப்டருக்கு 'யாங்கி பாப்பா 13' என்று பெயர். ஹ்யூயி அல்ல, அதற்கு முந்திய 'யு.ஹெச்.34' என்ற வகை. கதவருகே துப்பாக்கி எப்படிப் பொருத்தியிருந்தது, உட்சுவர் எப்படி இருந்தது என்பதையெல்லாம் அந்தப் படங்களை வைத்துத்தான் மாதிரி செய்கிறவர்கள் இன்றும் தீர்மானிக்கிறார்கள். அந்தப் படங்களில்தான் அதே ஹெலிகாப்டரின் தரையில் ஒருவன் குண்டு பட்டு இறந்து கிடக்கிறான். துப்பாக்கி பிடித்த வாலிபன் பிற்பாடு முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறான். பர்ரோஸ் 1971 பிப்ரவரி 10-ஆம் தேதி லாவோஸ் எல்லையில் இறந்தார். அவரும் வேறு மூன்று புகைப்படக்காரர்களும் ஏறிச் சென்ற ஹ்யூயியைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள்.

அந்த யுத்தத்தில் ஏறக்குறைய 12,000 அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஈடுபட்டன. 5,000-க்கு மேற்பட்டவை அழிந்தன. ஹ்யூயிகள் மாத்திரம் சுமார் 7,000. அவற்றில் ஏறக்குறையப் பாதி திரும்பவில்லை. ஹெலிகாப்டர்களில் சென்ற விமானிகளும் சிப்பந்திகளுமாக இறந்த அமெரிக்கர்கள் ஏறக்குறைய 5,000 பேர். யுத்தத்தில் மடிந்த வியட்நாமியர்களோ, அந்நாட்டு சர்க்கார் 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி, பொதுஜனங்களும் போர்வீரர்களுமாக முப்பது லட்சம். கிராமத்துக் குடியானவர்கள் ஆரம்பத்திலேயே ஹெலிகாப்டருக்கு அஞ்சி ஓடிவிட்டதாக எண்ண வேண்டாம். 1963 ஜனவரி 2-ஆம் தேதி, ஸைகோனுக்குத் தென்மேற்கே ஆப் பாக் என்னும் சிற்றூரில், வாய்க்கால் கரை மரங்களின் கீழே குழி வெட்டிப் பதுங்கியிருந்த சில நூறு கெரில்லா வீரர்கள் ஒரே நாளில் ஐந்து ஹெலிகாப்டர்களை வீழ்த்தினார்கள். அவற்றில் ஒன்று ஹ்யூயி. மற்றவை வாழைப்பழம்போல வளைந்த 'ஷானி' வகையைச் சேர்ந்தவை. ஆப் பாக்கின் ஹெலிகாப்டரை மாதிரி செய்ய விரும்புகிறவர் வாழைப்பழத்தைத்தான் தேட வேண்டும்.

* * *

மறுநாள் சுதந்திர மாளிகைக்குப் போனேன். தென் வியட்நாம் ஜனாதிபதிகளின் வாசஸ்தலமாயிருந்தது. பழைய மாளிகையின்மேல் 1962-இல் சொந்த விமானிகளே குண்டு போட்டுவிட்டபடியால், ங்கோ வியட் து என்ற சிற்பியைக் கொண்டு புதிதாகக் கட்டி, 1966-இல் திறந்தார்கள். மேல் மாடியில் ஹெலிகாப்டர் இறங்குவதற்கான தளம் இருக்கிறது. அங்கே ஒரு ஹ்யூயியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தரையிலே இரண்டு சிவப்பு வட்டங்கள். 1975 ஏப்ரல் 8-ஆம் தேதி, நுயென் தான் ட்ருங் என்ற விமானி, தென் வியட்நாம் படையின் விமானத்திலேயே பறந்து வந்து இங்கே குண்டு போட்டுவிட்டு மறுதரப்பாரிடம் போய்ச் சேர்ந்தார். குண்டு விழுந்த இடங்களைத்தான் வட்டமிட்டிருக்கிறார்கள்.

கீழே தோட்டத்தில் இரண்டு டாங்கிகள். ஒன்றின்மேல் 843 என்றும் மற்றொன்றின்மேல் 390 என்றும் எழுதியிருக்கிறது. 1975 ஏப்ரல் 30-ஆம் தேதி மாளிகையின் வாயிலை இடித்துக்கொண்டு வந்த டாங்கிகளின் எண்கள் இவை. ஆனால் இவை அந்த டாங்கிகள் அல்ல! அசல் இரண்டும் ஹானாய் நகரத்துக் காட்சிசாலைகளில் இருக்கின்றன. இங்கே நிற்பவை அதே வகையைச் சேர்ந்த வேறு டாங்கிகள். அதாவது 1/1 அளவு மாதிரிகள்.

அந்த டாங்கிகளைப் பற்றி ஒரு ரஸமான கதை உண்டு. பிரதான வாயிலை இடித்துத் தள்ளியது 843 என்றுதான் வெகு காலம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸ்வாஸ் டெமுல்டர் என்ற பிரெஞ்சு மாது அன்றைக்கு மாளிகையின் உள்ளே நின்று ஒரு படம் எடுத்திருந்தார். அந்தப் படம் இருபது வருஷத்துக்குப் பிறகு வியட்நாமுக்கு வந்து சேர்ந்தபோது, நடுவாயிலைச் சாய்த்துக்கொண்டு நுழைவது 390 என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. 843 பக்க வாயிலில் சிக்கிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் கீழே குதித்து, கொடியை எடுத்துக்கொண்டு ஓடினார். இருபது வருஷம் சொல்லிவந்த சரித்திரத்தை ஒரு புகைப்படம் திருத்திவிட்டது.

நேர்மாறான விஷயமும் அதே ஊரில், சற்றுத் தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நான் முக்கியமாக வந்தது.

மருமகன் செய்ய விரும்பிய காட்சியின் படத்தை ஹூபர்ட் வான் எஸ் என்ற டச்சுக்காரர் 1975 ஏப்ரல் 29-ஆம் தேதி எடுத்தார். அமெரிக்கத் தூதரகத்தின் மாடியிலிருந்து கடைசி ஹெலிகாப்டர் புறப்படுகிறது என்று எத்தனையோ புஸ்தகங்களும் பத்திரிகைகளும் அதன் கீழே அச்சிட்டிருக்கின்றன. அது தூதரகம் அல்ல. அந்நாளில் ஜியா லாங் வீதி என்றும் இந்நாளில் லீ டு ட்ரோங் வீதி என்றும் பெயர் வழங்கும் தெருவில், 22-ஆம் எண்ணுள்ள குடியிருப்புக் கட்டடம் அது. அமெரிக்க உளவு இலாகாவைச் சேர்ந்த உத்தியோகஸ்தர்கள் அங்கே வசித்தார்கள். அதன் உச்சியில், மின்தூக்கியின் யந்திர அறைக்கு மேலே உள்ள சிறு தளத்தில்தான் ஹெலிகாப்டர் இறங்கியது. அந்த ஹெலிகாப்டரும் ராணுவத்தினுடையது அல்ல. உளவு இலாகாவார் மறைமுகமாக நடத்திய 'ஏர் அமெரிக்கா' என்ற விமானக் கம்பெனியுடையது. அது கடைசி ஹெலிகாப்டருங்கூட அல்ல. தூதரகத்தின் மாடியிலிருந்து கடைசியாகக் கிளம்பியது மறுநாள் காலை எட்டு மணி சுமாருக்கு. அது 'ஸீ நைட்' என்னும் இரட்டை விசிறி ஹெலிகாப்டர். அதற்கு வேறு பெட்டி வாங்க வேண்டும். தூதரகக் கட்டடத்தையோ 1998-இல் இடித்துவிட்டார்கள்.

வான் எஸ் சரியான விவரத்தைத்தான் எழுதி அனுப்பினாராம். படத்தைப் பெற்றுக்கொண்ட பத்திராதிபர்கள், மாடியும் ஹெலிகாப்டரும் இருக்கக் கண்டு, தூதரகமாகத்தான் இருக்க வேண்டுமென்று தாங்களே நிச்சயித்துவிட்டார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவரே இதை எழுதினார். படத்தில் பொய் ஏதும் இல்லை. பொய்யெல்லாம் படத்துக்குக் கீழே உள்ள ஒரு வரியில் இருக்கிறது. (நம் ஆசிரியர் அவர்களும் அச்சுக்கூடத்தாரும் இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிப்பார்களாக.)

லீ டு ட்ரோங் வீதியில் பளபளப்பான கடைகளுக்கும் ஓயாத மோட்டார் சைக்கிள்களுக்கும் இடையே அந்தக் கட்டடம் அடக்கமாக நின்றது. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு சிறு சதுரக் கூடு தெரிகிறது. இதிலா ஹெலிகாப்டர் இறங்கிற்று என்று பிரமிப்பாயிருந்தது. எதிர்ப்புறம் நின்று இருபது படங்கள் எடுத்துக்கொண்டேன். நடைபாதையில் காப்பி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, இந்த மனிதன் எதற்காக ஆகாயத்தைப் படம் பிடிக்கிறான் என்று பார்த்துவிட்டு, தாமே ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

* * *

இனிக் கடைக்குப் போகலாம். ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கின மாதிரி இருந்தது. தரையிலிருந்து கூரை வரையில் பெட்டிகள். இந்தப் பெட்டிகள் பிறந்த ஊர்களைப் பார்த்தால் அதுவே ஒரு தனிச் சரித்திரம். ஜப்பானில் ஷிஸுவோகா என்ற ஒரே பிரதேசத்தில் இந்தத் தொழிலின் பெரிய கம்பெனிகள் பல கூடியிருக்கின்றன. இத்தாலியில் பொலோன்யாவுக்கு அருகிலிருந்து 'இத்தாலேரி' வருகிறது. 'அகாடமி' கம்பெனியின் பெட்டி தென் கொரியாவிலிருந்து வருகிறது. அந்தத் தேசமும் வியட்நாம் யுத்தத்துக்கு மூன்று லட்சம் வீரர்களுக்குமேல் அனுப்பியது. முற்காலத்துக் கோப்ராவையும், 'டார்ஹி' என்ற பாரந்தூக்கும் ஹெலிகாப்டரையும் வெகு நுட்பமாகச் செய்திருப்பவர்கள் உக்ரைன் தேசத்துக் கீவ் நகரிலுள்ள 'ஐ.சி.எம்.' கம்பெனியார். 2022-இல் அவர்கள் நகரத்தின்மேலேயே குண்டுகள் விழத் தொடங்கின. பெட்டிகள் நிற்காமல் வந்துகொண்டுதான் இருந்தன.

கடைக்காரர் எழுபதை நெருங்கியவர். ஆங்கிலம் நிதானமாகப் பேசினார். நான் கேட்டதும் மூன்று பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேலட்டையிலுள்ள வர்ணச் சித்திரத்தைப் பார்த்து வாங்கக் கூடாது என்பது அவர் கற்பித்த முதற்பாடம். பழைய அச்சில் வார்த்த துண்டுகளையே புதிய சித்திரம் போட்டுப் புதுப் பெட்டியில் விற்பது இந்த வியாபாரத்தில் சகஜம். மூடியைத் திறந்து, துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். தகடுகளின் இணைப்புக் கோடுகள் மேடாக நின்றால் அநேகமாகப் பழைய அச்சு. பள்ளமாகக் கீறியிருந்தால் புதியது. அப்புறம் கதவின் ஜன்னல்களை எண்ண வேண்டும். மூக்குக் குழலுக்குத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசிறி உச்சியில் குறுக்குக் கம்பி உண்டா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டுகளில் அலை அலையாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியை மூடிவிடலாம். ஹ்யூயிக்கு முகமே கண்ணாடிதான். இரண்டு பெட்டிகள் இந்தப் பரீக்ஷையில் தேறவில்லை. மூன்றாவது தேறியது.

ஆனால் அந்தப் பெட்டியிலும் ஒரு குறை. நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துத் தாளில் அமெரிக்க ராணுவத்துப் பட்டாளங்களின் சின்னங்கள் நாலைந்து இருந்தன. ஏர் அமெரிக்காவின் சின்னம் இல்லை. ராணுவப் பச்சையைப் பூசி, இந்தத் தாளை ஒட்டி, அந்த மாடியில் கொண்டுபோய் நிறுத்தினால், பிளாஸ்டிக் முழுவதும் சரியாக இருந்தும் மாதிரி பொய்யாகிவிடும். இதைச் சொன்னதும் கிழவர் முதன்முறையாகச் சிரித்தார். வாங்குகிறவர்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். பச்சை வேண்டாம், வெளிர் நிறம் பூசட்டும், எழுத்துத் தாளைத் தனியாக அச்சிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று யோசனை சொன்னார்.

அவர் பின்னாலிருந்த அலமாரியில் அவரே செய்த மாதிரிகள் நின்றன. எல்லாம் கப்பல்கள். ஹெலிகாப்டர் ஒன்றுகூட இல்லை. கேட்கலாமா, கேட்கக் கூடாதா என்று நான் தயங்குவதைப் பார்த்து, அவரே சொன்னார். அவர் பிள்ளைப் பிராயத்தில் இருந்தது மேகாங் கழிமுகத்தில் ஒரு கிராமமாம். இரண்டே இறக்கைகள் காற்றை அறைகிற அந்தச் சப்தம் யந்திரம் கண்ணில் படுமுன் வெகு தூரத்திலிருந்தே கேட்டுவிடும். கேட்டவுடன் அவர் தாயார் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாராம். புகை தெரியக் கூடாது. அரைவேக்காட்டுச் சோறு என்றால் அவருக்கு இன்றைக்கும் அந்தச் சப்தந்தான் ஞாபகம் வருகிறதாம். ஹெலிகாப்டர் பெட்டிகளை விற்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை, ஒட்டுவதற்குத்தான் கை வருவதில்லை என்று சொல்லிவிட்டு, பெட்டிக்கு நூல் கட்டலானார்.

கடைத்தெருவில் இன்னொரு விதமான ஹெலிகாப்டரும் விற்கிறார்கள். காலியான பீர் டப்பாக்களையும் சோடாப் பானத் தகர டப்பாக்களையும் வெட்டி மடித்துச் செய்கிற சிறு ஹ்யூயிகள். வயிற்றிலே பீரின் பெயரும் வாலிலே வேறொரு பானத்தின் பெயரும் இருக்கும்; ஊதினால் விசிறி சுற்றும். அளவு, வகை, ஜன்னல் எதுவும் சரியில்லை. ஆனாலும் தவளை முகம் மாத்திரம் தப்பாமல் வந்திருந்தது! ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மருமகன் அதை அலமாரியில் வைக்கச் சம்மதிப்பானோ என்னவோ.

விடுதிக்கு வந்து, வாங்கிய பெட்டியைத் திறந்து, குறிப்புப் புஸ்தகத்தைப் படித்தேன். உள்ளே மனித உருவங்கள் இரண்டு: இருவரும் விமானிகள். வான் எஸ் எடுத்த படத்திலோ ஏணியிலும் மாடியிலுமாக இருபது முப்பது பேர் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எட்டுப் பேர் ஏறத் தக்க யந்திரத்தில் பன்னிரண்டு பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு அது கிளம்பிவிட்டது. மிஞ்சினவர்கள் மணிக்கணக்காக அந்த மாடியிலேயே காத்திருந்தார்கள். வேறு ஹெலிகாப்டர் வரவில்லை. இந்த ஜனங்களை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்பதாகத் தெரியவில்லை. 1/48 அளவில் ஓர் ஆள் ஒன்றரை அங்குலங்கூட இருக்கமாட்டான். ஒவ்வொருவரையும் மாவைப் பிசைந்து கையால்தான் செய்ய வேண்டும். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, யார் கையில் பெட்டி இருக்கிறது, யார் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்று பார்த்து எண்ணும்படி அன்றிரவே மருமகனுக்கு எழுதிவிட்டேன்.